கொடைக்கானலில் நடக்க வருகிறவர்களுக்கு: ஏரிக்கரையிலிருந்து பேரிஜம் வரை

கொடைக்கானலுக்கு நடக்க வருகிறேன் என்று போன் செய்யும் உறவுக்காரர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். கொடைக்கானல் இருக்கும் இந்தப் பழனி மலைத்தொடரில் அந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காலை ஏழரைக்கு ஊருக்குப் பக்கத்து வட்டக்கானலில் இறங்கினால் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். அதே இடத்துக்குப் பன்னிரண்டு மணிக்குப் போனால் பக்கத்தில் நிற்பவர் சட்டை என்ன நிறம் என்பதே மங்கல்தான். மாலை ஐந்தரைக்குப் போனால் பாதையில் காட்டு மாடு (காட்டெருமை) நிற்கும். இடமும் தூரமும் ஒன்றுதான், நேரம் மட்டும்தான் வேறு.

இது மலையில் நடந்து பழக்கமில்லாதவர்களுக்காக எழுதுவது. எவரெஸ்ட் போய் வந்தவர்கள் பேரிஜம் ஏரி பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும். அங்கே அனுபவத்தைவிட அனுமதிச் சீட்டுக்குத்தான் மதிப்பு.

கிளம்பும் முன்

சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ வந்தால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. வண்டி எண், வரும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றை இணையத்தில் பதிந்து வாங்கிக்கொள்ளலாம். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இது தேவையில்லை. ரயிலில் வருகிறவர்கள் 'கொடைக்கானல் ரோடு' என்ற ஸ்டேஷன் பெயரை நம்பி, இறங்கியதும் ஏரி தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கிருந்து ஊர் 80 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் வளைந்து வளைந்து ஏறும் மலைச் சாலை. வத்தலக்குண்டில் பஸ் மாறி வரலாம். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் இடம் பிடியுங்கள்.

5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை உண்டு. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்து வந்துவிடுங்கள்.

எந்த மாதம் வரலாம்? ஏப்ரல், மே மாதங்களில் ஊரே வாகன நிறுத்துமிடம் மாதிரி ஆகிவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. பாதை வழுக்கும், மண் சரிந்தால் மலைச் சாலையும் அடைபடும். என்னைக் கேட்டால் ஜனவரி என்பேன். வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், பள்ளமான புல்வெளிகளில் விடியற்காலை உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். குளிர் தாங்க வேண்டும், அவ்வளவுதான். பிப்ரவரி பாதிக்கு மேல் காடு காய்ந்துவிடும். காட்டுத்தீ பயத்தால் அந்த மாதங்களில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவைப்பது வழக்கம். 2018 மார்ச்சில் பக்கத்துத் தேனி மாவட்டத்தில், குரங்கணி மலையில் மூண்ட தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதே ஆண்டில்தான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனியாக விதிகள் கொண்டுவந்தது. பாதை மூடியிருக்கிறது என்று சொன்னால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள்.

குறிஞ்சி பூத்திருக்கிறதா என்று வருஷம் தவறாமல் யாராவது கேட்பார்கள். கடைசியாக 2018-ல் பூத்தது, அடுத்தது 2030.

உடுப்பு பற்றி இரண்டே விஷயம். ஜீன்ஸ் வேண்டாம். ஒரு தூறலில் நனைந்தால் கனத்துப்போய், நாள் முழுக்கக் காயாது. சீக்கிரம் காயும் பேன்ட், ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் ரெயின்கோட் போதும். இன்னொன்று ஷூ. விலை முக்கியமில்லை, அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் அது நகரத்தில் ஓடுவதற்குத்தான் ஆகும். இங்கே பைன் ஊசிச் சருகு மூடிய சரிவில் கால் வைத்தால் நேராக உட்கார வைத்துவிடும். இறக்கத்தில் கால் விரல்கள் ஷூவின் முனையில் போய்ப் போய் இடிக்கும். முந்தின நாளே நகத்தை வெட்டிவிட்டு, கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். சின்ன வேலை, ஆனால் மறுநாள் நொண்டாமல் இருப்பீர்கள்.

முதல் நாள்: ஏரியை ஒரு சுற்று

வந்த அன்றே காட்டுக்குள் இறங்க வேண்டாம். ஊர் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரையிலோ சென்னையிலோ சாதாரணமாக மாடிப்படி ஏறுகிறவருக்குக்கூட இங்கே முதல் நாள் மூச்சு வாங்கும். அதற்குத்தான் ஏரி.

மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கிய ஏரி இது. சுற்றிவரச் சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். நட்சத்திரம் மாதிரி கைகள் நீண்டிருப்பதால் ஒரு வளைவு முடிந்ததும் அடுத்தது ஒளிந்திருக்கும். போட் ஹவுஸ் எதிரிலேயே தெரிகிறதே, முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். இன்னும் அரை மணி நேர நடை பாக்கி இருக்கும்.

ஆறு, ஆறரைக்குள் தொடங்கிவிடுங்கள். தண்ணீருக்கு மேல் ஆவி எழும் நேரம் அது. ஒன்பது மணிக்கு மேல் குதிரை, வாடகை சைக்கிள், ஹாரன் எல்லாம் சேர்ந்து, நடப்பது ஒதுங்குவதாக மாறிவிடும். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக நடங்கள்.

சுற்றுகிறபோது கைக்கடிகாரத்தைப் பாருங்கள். நிற்காமல் நடந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் மறுநாள் வட்டக்கானலுக்குத் தயார். ஒன்றரை மணி நேரம் ஆனால் அதுவும் குற்றமில்லை, மறுநாள் திட்டத்தில் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காகப் போட்டுக்கொள்ளுங்கள். கால் இன்னும் தெம்பாக இருந்தால் ஏரியிலிருந்து மேடேறி கோக்கர்ஸ் வாக் வரை போய்ப் பாருங்கள். மலை விளிம்பை ஒட்டி 1872-ல் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை அது. ஏரிச் சுற்றில் தெரியாத மூச்சிரைப்பு அந்த மேட்டில் தெரிந்துவிடும்.

இந்த ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் மலைச் சாலையில் எல்லோரும் போட்டோ எடுக்கும் வெள்ளி அருவியாக விழுகிறது. ஊரையெல்லாம் சுற்றி வந்த தண்ணீர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அங்கே வாயைக் கொப்பளிக்காமல் இருங்கள்.

இரண்டாம் நாள்: வட்டக்கானலும் டால்பின் மூக்கும்

பஸ் ஸ்டாண்டிலிருந்து வட்டக்கானல் ஐந்து கிலோமீட்டருக்குள்தான். டாக்சியை முந்தின இரவே பேசி, ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருக்கிற மாதிரி வந்துவிடுங்கள். வழியில் பாம்பார் சோலையின் ஓரம் வரும். சீகை (வாட்டில்) மரக் காடு எங்கே முடிகிறது, சோலை என்ற இயற்கைக் காடு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால் சீக்கிரமே வித்தியாசம் பிடிபடும். சீகையும் பைனும் யூகலிப்டஸும் வெளியிலிருந்து வந்து, வரிசையாகவோ கூட்டமாகவோ ஒரே உயரத்துக்கு நிற்கிறவை. சோலை மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் பாசியும் ஆர்க்கிடும் சுமந்து நிற்கும். உள்ளே கால் வைத்தால் இரண்டு டிகிரி குளிர் கூடும்.

ஊருக்குள்ளிருந்து டால்பின் மூக்கு வரை இறக்கம் ஒரு கிலோமீட்டர்தான். முதலில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே போகும் பாதை. அப்புறம் மரங்களுக்குள் நுழைந்ததும் வேர்கள்தான் படிக்கட்டு. ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்ததில் அந்த வேர்கள் மெருகேறி, ஈரத்தில் சோப்பு மாதிரி இருக்கும். வேர் மேல் மிதிக்காதீர்கள், இரண்டு வேர்களுக்கு நடுவில் உள்ள மண்ணில் மிதியுங்கள். இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைத்து இறங்கினால் மூட்டு தப்பிக்கும். ஒரு ஊன்றுகோல் இருந்தால் நல்லது. கடைக்காரர்களிடம் மூங்கில் கழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கீழே ஒரு தட்டைப் பாறை வெட்டவெளியில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் மூக்கு. நுனியில் நின்று கையை விரிக்கும் போட்டோவுக்காகவே நிறையப் பேர் வருகிறார்கள். நுனி சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்கும், காலையில் பனி ஈரம் வேறு. நுனியிலிருந்து நாலடி உள்ளே உட்கார்ந்தாலே பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும். போட்டோ எடுப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம், ஃபிரேம் சரியாக விழ வேண்டும் என்று பின்னாலேயே நடப்பார்.

ஏறுவதற்கு இறங்கியதைவிட ஒன்றரை மடங்கு நேரம் வையுங்கள். ஒன்பதரைக்குள் மேலே வந்துவிட்டால், உங்களுக்கு எதிரே கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு பிரெட் ஆம்லெட், ஒரு லெமன் டீ. மேகி வேண்டுமென்றால் அதுவும் கிடைக்கும். யாராவது பக்கத்தில் வந்து தணிந்த குரலில் "காளான் வேணுமா?" என்றால், அது சமையலுக்கான காளான் இல்லை. போதைப்பொருள் வழக்கு உங்கள் மேல் வரும். காது கேட்காத மாதிரி நடந்துவிடுங்கள்.

காட்டு மாடு

புத்தகத்தில் காட்டெருமை, இங்கே எல்லோருக்கும் காட்டு மாடு, சில நேரம் வெறும் மாடு. "அண்ணே, மேல மாடு நிக்குது, கொஞ்சம் பொறுங்க" என்று எதிரே வருகிறவர் சொன்னால் அது பால் கறக்கிற மாடு என்று நினைத்துவிடாதீர்கள். முழு வளர்ந்த காளை ஆயிரம் கிலோவை எட்டும். கன்னங்கரேல் உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும்.

காட்டில் மட்டுமில்லை, மாலையானால் ஊருக்குள் விடுதி வாசல் புல்லுக்கும் வந்துவிடும். ரொம்பச் சாதுவாக மேயும். அந்தச் சாதுத்தனத்தை நம்பி செல்ஃபிக்குக் கிட்டே போகிறவர்கள்தான் முட்டு வாங்குகிறார்கள்.

அது உங்களைக் கவனித்துவிட்டது என்பதற்கு அடையாளம் உண்டு. மேய்ச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கும். காதுகள் முன்பக்கம் திரும்பும். மூக்கால் 'புஸ்'ஸென்று சீறும். அதுவரை போய்விட்டது என்றால் ஏற்கெனவே ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள். முகத்தைப் பார்த்தபடியே, பேசாமல், மெல்லப் பின்வாங்குங்கள். காளை தன் விலாப்பக்கத்தை முழுசாகக் காட்டித் திரும்பி நின்றால் அது போகப்போகிறது என்று அர்த்தமில்லை, நான் எவ்வளவு பெரியவன் பார் என்று காட்டுகிறது. தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் நுழைந்துவிடாதீர்கள். கூட்டத்தைவிட ஒற்றையாகத் திரியும் காளையிடம் கூடுதல் கவனம் வேண்டும். துரத்தினால் நேர்கோட்டில் ஓடாமல் பெரிய மரத்துக்கோ பாறைக்கோ பின்னால் போய்விடுங்கள். தெருநாய் கூடவே வந்தால் பிஸ்கட் போட்டுப் பழக்காமல் ஊரிலேயே விட்டுவிடுங்கள். அது மாட்டைப் பார்த்துக் குரைக்கும், மாடு திரும்பியதும் நேராக உங்களிடம்தான் ஓடிவரும்.

மாடு வழியில் நின்றால் காத்திருப்பதைத் தவிர வேறு உபாயம் கிடையாது. அரை மணி நேரம்கூட ஆகலாம். அதனால்தான் திட்டத்தில் எப்போதும் ஒரு மணி நேரத்தை உதிரியாக வைக்கச் சொல்கிறேன்.

பேரிஜம்

ஊரிலிருந்து தென்மேற்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான்கு பக்கமும் காடு, நடுவில் ஏரி, கரையில் கடை கிடையாது. 1860-களில் டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி இங்கே வந்தபோது பார்த்தது, எப்போதோ ஏரி இருந்து வடிந்துபோன சதுப்பைத்தான். இப்போதுள்ள ஏரி, பிற்பாடு அணை கட்டித் தேக்கியது. பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. குளிக்கக் கூடாது, கால்கூட நனைக்கக் கூடாது என்று காவலர்கள் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

கொடைக்கானல் வனப்பகுதி 2013-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே பேரிஜம் சாலையில் அனுமதி இல்லாமல் நடந்தோ, பைக்கிலோ, ரிசார்ட்காரர் சொன்ன 'ரகசிய வழி'யிலோ போவது சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, வண்டியில் போய், குறிப்பிட்ட இடங்களில் இறங்கிப் பார்த்துத் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பு உண்டு. காலையில் திறந்து பிற்பகலில் மூடிவிடுவார்கள். நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டிருப்பதால் முந்தின நாளே விசாரித்துவிட்டு, காலையில் முதல் ஆட்களில் ஒருவராகப் போய் நில்லுங்கள். யானை நடமாட்டம் இருந்தால் அன்றைக்கு யாருக்குமே அனுமதி கிடையாது. அது அடிக்கடி நடப்பதுதான், அதற்காக டிரைவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

ஏரியைச் சுற்றி வரலாம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் போகிற வழியிலேயே நிறைய இருக்கிறது. தொப்பி தூக்கிப் பாறையில் பள்ளத்தாக்கிலிருந்து வரும் காற்று, எறிந்த தொப்பியைத் திருப்பி மேலே அனுப்பும் என்பார்கள். காற்று இல்லாத நாளில் எறிந்தால் தொப்பி போனது போனதுதான். மதிகெட்டான் சோலை இந்தச் சாலையில்தான் வருகிறது. அதற்குள் இறங்கினவர் வழி தெரியாமல் சுற்றுவார் என்ற பேச்சு ஊரில் இன்னும் இருக்கிறது. வண்டியை அணைக்கச் சொல்லி ஐந்து நிமிடம் சும்மா நின்றால் கருமந்தியின் 'ஹூம், ஹூம்' என்ற முழக்கம் கேட்கலாம். ஏரிக்கரையில் அனுமதிக்கும் இடம் வரை நடந்து, சதுப்பு ஓரத்து ஈரமண்ணில் பதிந்திருக்கும் கால்தடங்களைப் பாருங்கள். கடமானுடையது, மாட்டினுடையது, சில நாள் யானையுடையதும் இருக்கும். தடத்தின் விளிம்பு கூராக, உள்ளே தண்ணீர் கலங்கலாக இருந்தால் அது சற்று முன்னால் போனது. வண்டிக்குத் திரும்பிவிடுங்கள்.

"இப்படியே நடந்தால் மூணாறு போய்விடலாமாமே?" என்ற கேள்வியும் வரும். பேரிஜத்தைத் தாண்டி மூணாறு பக்கம் போகும் பழைய சாலை ஒன்று உண்மையிலேயே உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தப்பிச் செல்லும் வழியாக வைத்திருந்ததால் அதற்கு எஸ்கேப் ரோடு என்று பெயர். இப்போது பொதுமக்களுக்கு அது இல்லை. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

நீளமாக நடந்தே தீர வேண்டும் என்றால்

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி போகும் பாதை இருக்கிறது. டால்பின் மூக்கைத் தாண்டி அப்படியே கீழே இறங்கும். மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளத்திலிருந்து ஆட்களும் சாமான்களும் மலையேறிய தடம் இந்தச் சரிவில்தான். தமிழ்நாடு வனத்துறை 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் உண்டு, அதில் இதுவும் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டி கூட வருவார். தனியாகப் போகாமல் அப்படியே போங்கள். வெள்ளகவிக்காரர்கள் ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. கோயில்கள் நிறைந்த ஊர் என்பதால் அந்த வழக்கம். எல்லைக்கு வந்ததும் வழிகாட்டி சொல்வார், ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்குவது சுலபம், திரும்பி ஏறுவதில்தான் ஆள் தெரியும்.

மூடுபனியும் அட்டையும்

மூடுபனி கீழிருந்து மேலே வரும். பள்ளத்தாக்கில் பஞ்சு மாதிரி ஒன்று அசைகிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்களைச் சூழ்ந்துவிடும். வழி தெரியவில்லையா, நின்றுவிடுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு இடைவெளி விடும். ஓடையைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வரும் என்ற பொது அறிவுரையை இங்கே மறந்துவிடுங்கள். இந்த மலையின் தென்பக்கம் செங்குத்து, ஓடை போய் நிற்பது அருவியின் தலையில். வந்த வழியே மேலே திரும்புவதுதான் சரி. போன் சிக்னல் சரிவுகளில் போய்விடும். மேப்பை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேப்பில் தெரியும் கோடெல்லாம் பாதை என்று நம்ப வேண்டாம், பாதிக்கு மேல் மாட்டுத் தடம். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று தங்கும் இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

மழைக்காலத்தில் சோலை ஓரம் அட்டை இருக்கும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல் ஒரு சிட்டிகை உப்பு வையுங்கள், தானே விழும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும். உறையவிடாத ஒரு திரவத்தை அது உள்ளே விட்டிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. தொட்டால் சுள்ளென்று எரியும் செந்தட்டிதான் அதைவிடத் தொல்லை. பாதையோரச் செடியைப் பிடித்து ஏறும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பேரிஜம் கிடைக்காத நாளில்

விடுதியில் உட்கார்ந்து புலம்ப வேண்டாம், மன்னவனூருக்குப் போங்கள். ஊரிலிருந்து 35 கிலோமீட்டர் வாக்கில். வழியில் பூம்பாறையின் படிப்படியான வயல்கள். மண்வாசனையோடு மலைப்பூண்டு வாங்க வேண்டுமென்றால் அங்கே இறங்கலாம், கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மன்னவனூரில் புல்மேடுகளுக்கு நடுவே ஏரி, வனத்துறையின் சூழல் சுற்றுலாப் பகுதி. கட்டணம் கட்டிவிட்டு, காலைச் சிராய்க்கும் வேரும் பாறையும் இல்லாமல் புல்லில் நடக்கலாம். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதைத்தான். நிழல் குறைவு, குளிரில் வெயில் உறைக்காது என்றாலும் மாலையில் முகம் எரியும். தொப்பி அவசியம். பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பஸ்ஸுக்கு நடுவே இடைவெளி அதிகம், கடைசி வண்டியைத் தவறவிட்டால் ஊருக்குத் திரும்ப டாக்சிக்குத்தான் அலைய வேண்டும்.